கேஸ் கீசர் ஏன் அணைகிறது: உள்ளே நடக்கும் மின்கட்டுப்பாடும் பாதுகாப்புச் சோதனைகளும்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலைதான் குளிர்காலம். அந்த மாத விடிகாலையில் ஜோகன்னஸ்பர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் விரலைக் கடிக்கும். கேஸ் கீசர் பழுதுபார்க்கும் எனக்கு அதிகமாக போன் வருவதும் அந்த நேரத்தில்தான். போன குளிர்காலத்தில், இந்தியர் அதிகம் வாழும் லெனேஷியா பகுதியிலிருந்து ஒரு ஆண்டி கூப்பிட்டார். "தம்பி, டக் டக்னு சத்தம் வருது, நெருப்பும் பிடிக்குது, உடனே அணைஞ்சுபோகுது. கீசரே போயிடுச்சா?" நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை நொடி எரியுது ஆண்டி?" குழாயைத் திறந்து, வாய்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார்: ஐந்தாறு நொடி. வண்டியில் ஏறும்போதே எந்த உறுப்பை முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

2022, 2023-ஆம் ஆண்டுகளின் லோட்ஷெடிங்குக்கு, அதாவது முறைவைத்த மின்வெட்டுக்கு, பிறகு இங்கே நம்மவர் வீடுகள் நிறைய கேஸுக்கு மாறிவிட்டன. மின் கீசரைக் கழற்றிவிட்டு வெளிச்சுவரில் கேஸ் கீசரை மாட்டியிருக்கிறார்கள். ஹாலில் சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் நிற்கிறது. ஆனால் அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அணைந்தால் திரும்பப் பற்றவைக்கிறார்கள், மறுபடி அணைந்தால் யாரையாவது கூப்பிட்டு எப்படியாவது எரிய வைக்கச் சொல்கிறார்கள். அந்த 'எப்படியாவது' எனக்குப் பயம் தருகிறது. கீசர் அணைந்தது என்றால், உள்ளே இருக்கும் காவலர்களில் யாரோ ஒருவர் கேஸை நிறுத்தியிருக்கிறார். அது யார், ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்ப்பது. அந்தக் காவலர்களை ஒவ்வொருவராக இங்கே அறிமுகப்படுத்துகிறேன்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பேட்டரி மாற்றுவது, தண்ணீர் வடிகட்டியைக் கழுவுவது, பார்ப்பது, கேட்பது, எண்ணுவது: இவை வீட்டுக்காரர் வேலை. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் கேஸை மூடிவிட்டு ஸ்விட்சுகளையும் ஒயர்களையும் சோதிக்கலாம். கேஸ் குழாய், ரெகுலேட்டர், ஜெட் (கேஸ் வெளிவரும் சிறு துளை), கேஸ் வால்வு ஆகியவற்றில் கை வைப்பவர், கேஸ் வேலைக்காரர்களைப் பதிவு செய்யும் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் அமைப்பின் பதிவு அட்டை வைத்திருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டு எல்.பி.ஜி. அமைப்புகளுக்கு இங்கே சான்ஸ் 10087-1 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநிலை இருக்கிறது. வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வாங்குவது கட்டாயம். வீடு கைமாறும்போது அதைப் புதிதாக எடுத்தாக வேண்டும்.

சிலிண்டர் நிற்கும் இடத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கதவு, ஜன்னலிலிருந்து 1 மீட்டர், சாக்கடை வாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலத் தரையில் ஓடிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் சாக்கடைக்கு இரட்டைத் தூரம்.

ப்ளக்கே இல்லாத ஹீட்டருக்குள் ஒரு மின்சுற்று

கீசருக்குப் போகும் முன் ஹாலில் இருக்கும் ஹீட்டரைப் பார்த்துவிடலாம். அதற்கு ஒயரும் இல்லை, பெரும்பாலான மாடல்களில் பேட்டரியும் இல்லை. ஆனாலும் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

குமிழை அழுத்திப் பிடித்துப் பற்றவைக்கிறோம், பத்து இருபது நொடி விடாமல் பிடிக்கிறோம், அப்புறம் விடுகிறோம். அந்த நேரம் முழுவதும் சிறிய பைலட் சுடர் ஒரு செம்புக் கம்பியின் நுனியைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. அதுதான் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் சூடாக்கினால் சிறிய மின்னழுத்தம் பிறக்கும், நல்ல தெர்மோகப்பிளில் 20 முதல் 30 மில்லிவோல்ட். வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிவோல்ட், அப்படி வெறும் இருபதோ முப்பதோ. நாம் விரலால் திறந்துவைத்த வால்வை, அந்த மின்சாரத்தில் இயங்கும் குட்டி மின்காந்தம் பிடித்துக்கொள்கிறது. சுடர் அணைந்தால் நுனி ஆறும், மின்சாரம் போகும், ஸ்ப்ரிங் வால்வை மூடிவிடும். இதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகலாம்.

இவ்வளவு சிறிய மின்னழுத்தம் என்பதால் இணைப்புத் திருகில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே போதும், காந்தம் பிடியை விட்டுவிடும். குமிழை விட்டதும் அணைகிற ஹீட்டரில் முதலில் அந்தத் திருகைத்தான் பார்ப்பேன்.

இதே பைலட் சுடருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். மூடிய அறையில் அது ஏறக்குறைய 18 சதவீதத்துக்குக் குறையும்போது, பைலட் சுடர் தன் இடத்தை விட்டு விலகி நீளும்படி அதன் துளையை அமைத்திருக்கிறார்கள். சுடர் விலகினால் தெர்மோகப்பிள் ஆறிவிடும், கேஸ் நிற்கும். அதனால் சில மணி நேரம் எரிந்த பிறகு ஹீட்டர் தானாக அணைந்தால் திரும்பப் பற்றவைக்க ஓடாதீர்கள். முதலில் ஜன்னலைத் திறங்கள். படுக்கையறையில் அதை எரியவிட்டுத் தூங்கவே கூடாது.

குழாயைத் திறந்ததும் கீசருக்குள் என்ன நடக்கிறது

இங்கே அதிகம் விற்பது டார்ச்சுக்குப் போடும் பெரிய டி அளவு பேட்டரி இரண்டில் ஓடும் கீசர். 1.5 வோல்ட் இரண்டு, மொத்தம் 3 வோல்ட். லோட்ஷெடிங்கிலும் வெந்நீர் வருவதற்குக் காரணம் இதுதான். நாம் குழாயைத் திறப்பதற்கும் சுடர் எழுவதற்கும் நடுவே ஒன்றிரண்டு நொடிதான். அதற்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

முதல் படி, தண்ணீர். கீசருக்குள் நுழையும் தண்ணீர் ஒரு வட்டமான பித்தளை அறை வழியாகப் போகிறது. அதன் நடுவே டயாஃப்ரம் என்ற ரப்பர் தகடு இருக்கிறது. தண்ணீர் ஓடினால் தகட்டின் இரு பக்கமும் அழுத்தம் மாறுபடும், தகடு வளைந்து ஒரு கம்பியைத் தள்ளும். தண்ணீர் அசையாமல் நின்றால் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் தகடு வளையாது. பெரும்பாலான கீசர்களுக்கு நிமிடத்துக்கு இரண்டரை, மூன்று லிட்டராவது ஓட வேண்டும்.

இரண்டாம் படி, மைக்ரோ ஸ்விட்ச். தள்ளப்பட்ட கம்பி இரண்டு வேலை செய்கிறது. கேஸ் வால்வின் ஒரு கதவை நேரடியாகத் திறக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய ஸ்விட்சையும் இயக்குகிறது. அந்த ஸ்விட்ச்தான் கட்டுப்பாட்டுப் பெட்டியை எழுப்புகிறது.

மூன்றாம் படி, பெட்டி தன்னைச் சுற்றிப் பார்க்கிறது. பேட்டரியில் போதிய வோல்ட் இருக்கிறதா? அதிவெப்ப ஸ்விட்ச் மூடிய நிலையில், அதாவது மின்சாரம் ஓடும்படி, இருக்கிறதா? இன்னும் கேஸே திறக்கவில்லையே, சுடர் இருப்பதாக யாராவது பொய் சொல்கிறார்களா? தரமான பெட்டிகள் இந்தக் கடைசிக் கேள்வியையும் கேட்கும். சுடர் இருக்கக்கூடாத நேரத்தில் சுடர் தெரிந்தால் சென்சர் சுற்று கெட்டிருக்கிறது என்று பொருள், அதனால் தொடங்க மறுக்கும்.

நான்காம் படி, ஸ்பார்க்கும் கேஸும். டக் டக் டக் என்ற சத்தம்தான் ஸ்பார்க். 3 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி பர்னர் மேல் பொறி விடுகிறது. கூடவே 'டொக்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அது சொலினாய்டு வால்வு, கேஸின் இரண்டாவது கதவு. தண்ணீர் தள்ளித் திறந்த கதவு ஒன்று, மின்சாரம் திறந்த கதவு ஒன்று. இரண்டும் திறந்தால்தான் பர்னருக்குக் கேஸ் போகும். ஒன்று மாட்டிக்கொண்டாலும் மற்றொன்று மூடும் என்பதற்காக இப்படி வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சொலினாய்டில் பெரும்பாலும் இரண்டு சுருள்கள் இருக்கும். இழுக்க ஒன்று, பிடித்துக்கொள்ள ஒன்று. கதவை இழுக்கப் பலம் வேண்டும், அதனால் அந்தச் சுருளின் தடை சில பத்து ஓம்கள்தான். இழுத்த பிறகு பிடித்துவைக்கச் சிறிது மின்சாரம் போதும், அந்தச் சுருள் சில நூறு ஓம். பேட்டரி மாதக்கணக்கில் உழைப்பது இதனால்தான். மீட்டரை வைத்தால் இரண்டு அளவும் வர வேண்டும். ஒன்றில் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

ஐந்தாம் படி, நிரூபணம். பெட்டி சில நொடிகள் மட்டும் அவகாசம் கொடுக்கும். மாடலுக்கு மாடல் அது மாறும். அதற்குள் சுடர் இருக்கிறது என்று சென்சர் சொல்ல வேண்டும். சொன்னால் ஸ்பார்க் நிற்கும், வால்வு திறந்தே இருக்கும். சொல்லாவிட்டால் வால்வு மூடிவிடும், பெட்டி பூட்டிக்கொள்ளும். குழாயை மூடித் திறந்தால்தான் மறுபடி முயலும். ஆண்டியை நொடி எண்ணச் சொன்னது இதற்காகத்தான். சுடர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பெட்டிக்குத் தெரியவில்லை. அவகாசம் முடிந்ததும் அது தன் கடமையைச் செய்கிறது.

சுடரைப் பார்க்கும் கம்பி

பர்னர் மேல் இரண்டு, மூன்று பின்கள் பீங்கான் பிடியோடு நீட்டிக்கொண்டிருக்கும். பொறி விடுவது போக, ஒன்று சுடருக்குள் முழுகி நிற்கும். அதுதான் சென்சர் கம்பி. வெப்பத்தை அளக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது அளப்பது மின்சாரத்தை.

எரியும் சுடருக்குள் மின்னேற்றம் கொண்ட துகள்கள் நிறைந்திருக்கும், அதனால் சுடர் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். பெட்டி இந்தக் கம்பிக்கும் பர்னருக்கும் நடுவே மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறது. கம்பி மெல்லியது, பர்னரோ அகலமான உலோகம். பரப்பளவில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் மிகக் குறைவாகவும் ஓடும். மாறுதிசையாகப் போனது ஒருதிசையாகத் திரும்பி வரும். அளவு சில மைக்ரோ ஆம்பியர்தான். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இதில் இருக்கும் அறிவைப் பாருங்கள். ஒயர் உரிந்து உலோகத்தில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் நன்றாகவே ஓடும், ஆனால் இரண்டு திசையிலும் ஓடும். ஈரம் பட்டாலும் அப்படியே. ஒருதிசை மின்சாரத்தைச் சுடர் மட்டும்தான் உண்டாக்கும். அதனால் ஷார்ட் ஆன ஒயரைச் சுடர் என்று பெட்டி ஏமாந்துவிடாது. சுடர் போனால் சில நொடிகளுக்குள் கேஸ் நின்றுவிடும், தெர்மோகப்பிள் போல ஆறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சென்சர் சொல்லவில்லை என்றால் நான் பார்க்கும் வரிசை இது. கம்பி சுடருக்குள் நிற்கிறதா, வளைந்து வெளியே போயிருக்கிறதா? அதன் மேல் வெள்ளைப் படிவமோ கரியோ இருக்கிறதா? பீங்கானில் விரிசல் உண்டா? பின்னால் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா? பர்னரின் எர்த் ஒயர் உடலோடு சேர்ந்திருக்கிறதா? திரும்பி வரும் பாதை பர்னர்தான் என்பதால் எர்த் போனால் சென்சரும் குருடு. இவை எல்லாம் சரியாக இருந்தால் கேஸ் அழுத்தம். சுடர் சின்னதாகிக் கம்பியைத் தொடாமல் எரியும்.

ஆண்டி வீட்டில் கம்பி முழுவதும் கறுப்புக் கரி. பாத்திரம் தேய்க்கும் மெல்லிய எஃகு நாரால் தேய்த்தேன், துணியால் துடைத்தேன். பேட்டரி கீசரில் ஒயரைக் கழற்றி மைக்ரோ ஆம்பியர் மீட்டரை இடையில் சேர்த்தால் மின்சாரத்தை நேரடியாகப் பார்க்கலாம். தேய்ப்பதற்கு முன் 1-ஐக் கூட எட்டவில்லை. தேய்த்த பின் 4. கீசர் எரிந்தது. ஆண்டி டீ போட உள்ளே போய்விட்டார். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நன்றாக எரியும் எல்.பி.ஜி. சுடர் நீலமாக இருக்கும், கரி விடாது. இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது?

கறுப்பு டேப்

மேல் மூடியை முழுதாகக் கழற்றினேன். கீசரின் தலையில் செம்புத் தகடுகள் அடுக்கிய வெப்பமாற்றி இருக்கும், சுடர் அதன் இடுக்குகள் வழியாக மேலே போகும். அதில் பாதி இடுக்குகள் கரியால் அடைத்திருந்தன. வெந்நீர்க் குழாயின் தோளில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்ட ஸ்விட்ச் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதற்குப் போன இரண்டு ஒயர்களையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

அதுதான் அதிவெப்ப ஸ்விட்ச். உள்ளே இரட்டை உலோகத் தகடு. மாடலைப் பொறுத்து 75 முதல் 95 டிகிரிக்குள் ஏதோ ஒரு புள்ளியில் தகடு புரண்டு சுற்றை அறுத்துவிடும், சொலினாய்டு மூடும். சாதாரண நேரத்தில் இது மூடிய ஸ்விட்ச், மீட்டரில் ஏறக்குறைய பூஜ்ய ஓம் காட்டும். முன்பு வந்த யாரோ ஒருவர், கீசர் அடிக்கடி அணைகிறது என்று ஆண்டி சொன்னதும், அணைத்துக்கொண்டிருந்த காவலரைக் கட்டிப்போட்டுவிட்டுப் பணம் வாங்கிப் போயிருக்கிறார்.

நடந்தது இதுதான். வெப்பமாற்றியின் இடுக்குகள் அடைபட்டன. புகை மேலே போக முடியவில்லை, அதனால் புதிய காற்றும் கீழிருந்து ஏறவில்லை. காற்று போதாத சுடர் மஞ்சளாகிக் கரி விட்டது, கரி இன்னும் அடைத்தது. சூடு ஒரே இடத்தில் தேங்கியதும் ஸ்விட்ச் சரியாகத்தான் அணைத்தது. அதைக் கட்டிப்போட்ட பிறகு கரி வளர்ந்து வளர்ந்து கடைசியில் சென்சர் கம்பியையும் மூடியது. அடுத்த காவலர் கேஸை நிறுத்தினார். அவரும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று ஆண்டியிடம் சொன்னபோது கையில் இருந்த டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டார். கீசர் வெளிச்சுவரில் இருந்ததுதான் அந்த வீட்டைக் காப்பாற்றியது.

எந்தப் பாதுகாப்பு ஸ்விட்சையும் நேரிணைப்புச் செய்து ஓட்டாதீர்கள், ஒரு நாளைக்குக் கூட வேண்டாம். சோதனைக்காக ஒரு கணம் இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதையும் செய்வதில்லை. கழற்றி மீட்டரில் பார்த்தால் அதே பதில் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம். பல மாடல்களில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடினால் அணைக்கும் டைமர் உண்டு. அது பழுதல்ல. குழாயை மூடித் திறந்தால் போதும்.

மின்விசிறி வைத்த கீசரும் இன்வெர்ட்டர் சிக்கலும்

பெரிய மாடல்கள் 230 வோல்ட்டில் ஓடும். புகையைத் தள்ள மின்விசிறி இருக்கும். இவற்றில் வரிசைக்கு முன்னால் இன்னொரு சோதனை சேருகிறது. விசிறி தொடங்கும் முன் காற்றழுத்த ஸ்விட்ச் திறந்த நிலையில் இருக்க வேண்டும். விசிறி சுழன்றதும் அது மூட வேண்டும். விசிறி நிற்கும்போதே மூடியிருந்தால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பெட்டி புரிந்துகொண்டு தொடங்காது. சுழன்ற பிறகும் மூடாவிட்டால் புகைக்குழாய் அடைத்திருக்கிறது. குளவிக்கூடு, பறவைக்கூடு எல்லாம் நான் எடுத்திருக்கிறேன். சில நொடிகள் விசிறி ஓடி உள்ளே தங்கிய கேஸை வெளியேற்றிய பிறகுதான் ஸ்பார்க். தண்ணீரை டயாஃப்ரமுக்குப் பதில் ஒரு சிறிய சுழல் சக்கரம் அளக்கும், வெப்பத்தைத் தெர்மிஸ்டர் அளக்கும், பெட்டி அதற்கேற்ப கேஸைக் கூட்டிக் குறைக்கும்.

இந்த வகைக்கு இந்த நாட்டில் ஒரு தனி நோய் உண்டு. மின்சாரம் இருக்கும்போது கீசர் ஓடுகிறது. லோட்ஷெடிங் வந்து இன்வெர்ட்டரில் ஓடும்போது சுடர் பிடித்துச் சில நொடியில் பூட்டிக்கொள்கிறது. பலரும் கீசரைக் குறை சொல்லி பெட்டியையே மாற்றிவிடுகிறார்கள். சுடர் மின்சாரம் திரும்பும் பாதை எர்த் என்று சொன்னேன் அல்லவா? பொது மின்சாரத்தில் நியூட்ரலும் எர்த்தும் ஓர் இடத்தில் சேர்ந்திருக்கும். இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது அந்த இணைப்பு இல்லையென்றால் நியூட்ரல் மிதக்கும், பல பெட்டிகளில் சுடர் மின்சாரத்துக்குப் பாதை இருக்காது. இதைச் சரிசெய்வது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. நியூட்ரலையும் எர்த்தையும் நீங்களே ஒயர் போட்டு இணைத்துவிடாதீர்கள். தவறான இடத்தில் இணைத்தால் உங்கள் வீட்டின் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் யூனிட் காக்க வேண்டிய நேரத்தில் காக்காமல் போகலாம். ப்ளக்கில் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சில மாடல்களில் இதே அறிகுறி வரும்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

குழாயைத் திறந்தும் ஒரு சத்தமும் இல்லையா? தண்ணீர், பேட்டரி, அதிவெப்ப ஸ்விட்ச், இந்த வரிசையில் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் முதல் குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் நின்று திரும்ப வரும்போது மண்ணும் துருவும் அடித்துக்கொண்டு வந்து கீசரின் நுழைவாயில் வடிகட்டியை அடைக்கும். கழற்றிப் பழைய டூத் பிரஷால் தேய்த்துப் போடுங்கள். வீட்டில் பிரஷர் பம்ப் இருந்தால், லோட்ஷெடிங்கில் பம்ப் நின்று ஓட்டம் குறையும். பேட்டரி நன்றாக இருந்தும் கீசர் எழாது.

பேட்டரி பற்றி ஒரு எச்சரிக்கை. ரீசார்ஜ் செய்யும் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான். இரண்டு சேர்ந்தாலும் 2.4. பல பெட்டிகள் அந்த அளவில் தடுமாறும். அல்கலைன் போடுங்கள். பேட்டரி வைக்கும் இடத்து ஸ்ப்ரிங்கில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் சுரண்டி எடுங்கள்.

டக் டக் வருகிறது, 'டொக்' வரவில்லை என்றால் சொலினாய்டையோ தளர்ந்த பேட்டரியையோ பாருங்கள். இரண்டு சத்தமும் வந்தும் தீ இல்லையென்றால் கேஸ் வரவில்லை: சிலிண்டர் காலி, வால்வு மூடியிருக்கிறது, அல்லது இப்போதுதான் சிலிண்டர் மாற்றியதால் கேஸ் குழாயில் காற்று. இரண்டு மூன்று முறை தண்ணீர்க் குழாயை மூடித் திறந்தால் காற்று போய்விடும்.

எரிந்து சில நொடியில் அணைந்தால் சென்சர், அதை விரிவாகவே பார்த்தோம். பல நிமிடம் எரிந்து அணைந்தால் டைமர், அதிவெப்பம், அல்லது சிலிண்டர். கடைசியாகச் சொன்னதை யாரும் சந்தேகப்படுவதில்லை. நிமிடத்துக்கு 12 லிட்டர் கீசர் முழு வேகத்தில் சுமார் 24 கிலோவாட் எரிக்கிறது, மணிக்குக் கிட்டத்தட்ட 1.9 கிலோ கேஸ். சிலிண்டருக்குள் திரவம் ஆவியாகித்தான் அந்தக் கேஸ் வர வேண்டும், ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்துகொண்டே போகும். 9 கிலோ சிலிண்டர் ஜூலைக் காலையில் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வெளியே பனி பூத்து அழுத்தம் விழும், சுடர் சிறுக்கும், சென்சர் கேஸை நிறுத்தும். ரெகுலேட்டருக்குப் பிறகு 2.8 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். கீசர் எரியும்போது அளந்தால்தான் இந்தக் குறை தெரியும், சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

குளிர்காலத்தில் தண்ணீர் போதிய சூடு இல்லை என்று குழாயைக் குறைத்துக் குறைத்துத் திருகுவார்கள். ஓரளவுக்கு அது சரி. தண்ணீர் மெதுவாகப் போனால் அதிகம் சூடேறும். நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குக் கீழே போனால் டயாஃப்ரம் பின்வாங்கிவிடும், முகத்தில் சோப்போடு குளிர்ந்த தண்ணீர் கொட்டும்.

இரண்டு அறிகுறிகள் வந்தால் மட்டும் எதையும் தேடாமல் சிலிண்டரை மூடிவிடுங்கள். ஒன்று, 'டமார்' என்று வெடித்துப் பற்றுவது. கேஸ் சேர்ந்த பிறகு தாமதமாகத் தீப்பிடிக்கிறது என்று பொருள். மற்றொன்று, குழாயை மூடிய பிறகும் சுடர் எரிவது. டயாஃப்ரம் தள்ளும் கம்பி மாட்டிக்கொண்டு, ஸ்விட்சும் விடவில்லை. தண்ணீர் ஓடாத செம்புக் குழாயைச் சுடர் சுட்டுக்கொண்டிருக்கும்.

எந்த ஸ்விட்சும் பார்க்காத ஒன்று

சாதாரணப் பேட்டரி கீசரில் இருக்கும் காவலர்கள் தண்ணீரையும் சுடரையும் சூட்டையும் பார்க்கிறார்கள். நீங்கள் சுவாசிக்கும் காற்றை யாரும் பார்ப்பதில்லை. அந்த 24 கிலோவாட் சுடருக்குக் கடல் மட்டத்தில் மணிக்குச் சுமார் 24 கன மீட்டர் காற்று வேண்டும். டர்பனில் அந்தக் கணக்கு. ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெல்லியது, அதே வேலைக்கு 30 கன மீட்டரை நெருங்கும். இரண்டு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை மீட்டர் உயரக் குளியலறையில் மொத்தமே 10 கன மீட்டர் காற்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் குளித்து முடிப்பதற்குள் சுடர் அந்த அறையின் காற்றைத் தின்றுவிடும். காற்று போதாதபோது பிறக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. சிலிண்டர் கேஸில் கசிவு தெரிவதற்காகக் கலந்திருக்கும் நாற்றம் எரிந்தபின் இருக்காது.

அதனால் வெளிச்சுவர். உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் புகைக்குழாயும் நிரந்தரக் காற்றுத் துளையும் உள்ள, அதற்கென்றே அனுமதிக்கப்பட்ட மாடல். குளிருகிறது என்று காற்றுத் துளையில் துணி அடைக்கும் வழக்கத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், பார்த்த இடத்திலேயே பிடுங்கியிருக்கிறேன். கேஸ் எரியும் வீட்டில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும், அப்புறம் ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது கைபேசியிலிருந்து 112-ஐக் கூப்பிடுங்கள்.

மூடி போடும் முன்

ஆண்டியின் கீசரில் வெப்பமாற்றியைக் கழற்றிக் கழுவினேன், புதிய அதிவெப்ப ஸ்விட்ச் போட்டேன், டேப்பை வெட்டி எறிந்தேன். கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழி இல்லை. அப்புறம் காவலர்களை ஒவ்வொருவராகச் சோதித்தேன். இதை உங்கள் வீட்டுக்கு வரும் பழுதுபார்ப்பவரும் உங்கள் கண் முன்னே செய்ய வேண்டும்.

எரியும்போது சென்சர் ஒயரைக் கழற்றினேன். 'டொக்', சுடர் போனது. திரும்ப மாட்டி எரியவிட்டு, அதிவெப்ப ஸ்விட்சின் ஒரு ஒயரை உருவினேன். போனது. எரியும்போது ஒரு பேட்டரியை எடுத்தேன். போனது. சிலிண்டரை மூடி, சுடர் தானே அணைந்ததும் திரும்பத் திறந்தேன். பர்னரிடம் குனிந்து முகர்ந்தேன், கேஸ் வாசம் இல்லை, வால்வு மூடித்தான் இருந்தது. கடைசியாக ஆண்டியைச் சமையலறைக் குழாயை மூடச் சொன்னேன். நீலச் சுடர் அந்த நொடியே அடங்கியது. பிறகுதான் மூடியை மாட்டி நான்கு திருகுகளையும் இறுக்கினேன்.